நீல வாளி

பிப்ரவரி மாதக் கெர்கினி ஏரிக்கு
விடிவதற்கு இன்னும் மனம் வரவில்லை.
பாஸ்காலிஸ் படகைத் தள்ளியபோது
கரையோரப் பனிக்கட்டி
அப்பளம்போல் நொறுங்கியது.

மோட்டாரைத் தொடவில்லை அவன்.
கழியை ஊன்றி ஊன்றி நகர்த்தினான்.
மூழ்கிய மரங்களின் உச்சிக்கிளைகள்
படகின் அடியை உரசிக்கொண்டே வந்தன,
கதவைத் திறக்கச் சொல்லி
யாரோ நகத்தால் கீறுவதுபோல.
அணை கட்டிய பிறகு
ஆறு இங்கே திரும்பிப் படுத்துக்கொண்டது என்றான்.
அதற்குமேல் சொல்லவில்லை. சிகரெட் ஈரம்.

நான் செர்ரெஸ் நகரத்து மருந்துக் கடைக்காரி.
வாரத்தில் ஆறு நாள்
டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் பிழைப்பவள்.
ஞாயிறு மட்டும்
கனத்த லென்ஸைக் கைக்குழந்தைபோல்
மடியில் கிடத்திக்கொண்டு
குளிரில் உட்கார வருகிறேன்.
'உன்னுடைய இன்னொரு வேலை,
சம்பளம் சளி' என்பார் ஸ்டாமாடிஸ்,
போர்வைக்குள்ளிருந்து.

முதலில் நாமக்கோழிகள்.
நெற்றியில் சுண்ணாம்பைத் தீற்றிக்கொண்டு
ஏதோ வழக்குக்குச் சாட்சி சொல்லப் போவதுபோல் கூட்டமாக.
பிறகு ஒரு முக்குளிப்பான்.
குவியம் சரிசெய்வதற்குள் மூழ்கிவிட்டது.
அது மூழ்கிய இடத்தை மட்டும்
ஏழு படம் எடுத்திருக்கிறேன்.
வட்டங்கள்.
ஆளில்லாத அழகான வட்டங்கள்.

பாஸ்காலிஸின் காலடியில்
பெயின்ட் காலியான நீல வாளி.
அதன் கைப்பிடியைத் தூக்கிக் கீழே போட்டான்.
க்ளிங்.
அவ்வளவுதான்,

ஈரப் பாயை உதறுவதுபோல் சத்தம்.
மூடுபனி கிழிந்தது,
கூழைக்கடாக்கள்.
பாதங்களை முன்னே நீட்டி,
பிரேக் இல்லாத சைக்கிள்போல் நீரில் சறுக்கி,
சீவாத சுருட்டைத் தலையோடு,
காதல் பருவத்துச் செம்மஞ்சள் பை தொங்க
படகைச் சுற்றி நின்றன.
ஒரு கெண்டையை வீசினான்.
பன்னிரண்டு அலகுகள் திறந்தன.
மீன் ஒன்றுதான்.
என் விரல் ஷட்டரைவிட்டு எழவே இல்லை.

இரவு, அறுநூற்று நாற்பது படங்களில்
ஒன்று தேறியது.
பின்னால் பெலெஸ் மலையின் பனி கலங்கிக் கரைய
ஒற்றைப் பறவை, நேர்ப்பார்வை.
இடது மூலையில் மட்டும் நீலமாய் ஒரு கீற்று.
வெட்டினேன்.
வாளி போனது.
பாஸ்காலிஸின் முழங்கை போனது.
படகின் விளிம்பும்
அதில் அவன் பிளாஸ்டிக் நூலால் போட்ட தையலும் போயின.
கீழே 'காட்டுப் பறவை' என்று எழுதினேன்.
எழுதும்போது கை கூசவில்லை.

கூர்மை சரியா என்று பார்க்கத்தான்
கண்ணைப் பெரிதாக்கினேன்.
இன்னும் கொஞ்சம்.
இன்னும்.
வெளிறிய விழி, நடுவில் மிளகளவு கருமணி,
அதற்குள்ளே
வளைந்துபோன ஒரு படகு.
நிற்கும் ஒருவன்.
நட்டநடுவில் நீலம்.
ஓரத்தில் குந்தியிருக்கும் ஏதோ ஒன்று,
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
கறுப்பு ஓட்டையோடு.

அடுத்த ஞாயிறு
அந்தக் கண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டு
எடுத்துப் போனேன்.
பாஸ்காலிஸ் கையுறையைக் கழற்றி,
விரலைக் கால்சட்டையில் துடைத்து,
வெகுநேரம் பார்த்தான்.
தன்னைத் தேடுகிறான் என்று நினைத்தேன்.
'இந்த வாளி செவ்வாய்க்கிழமை உடைஞ்சுபோச்சு'
என்றான்.

புதியது சிவப்பு.
ஏரி நடுவே போய்
கைப்பிடியைத் தூக்கிக் கீழே போட்டான்.
டொக்.
கைப்பிடியும் பிளாஸ்டிக்.
மறுபடி டொக்.
தண்ணீரில் எந்தத் தலையும் திரும்பவில்லை.
எங்களுக்கு நடுவில்
கெண்டைகள் வாய் பிளந்து கிடந்தன.

காத்திருந்தோம்.
அவன் தெர்மாஸைத் திறந்தான்,
நான் லென்ஸ் மூடியைத் திறந்து
பிறகு மூடி
பிறகு திறந்தேன்.
வெகுதூரத்தில், எந்தக் கண்ணாடிக்கும் எட்டாத தூரத்தில்,
வெள்ளைப் புள்ளிகளில் ஒன்று
கழுத்தைப் பின்னுக்கு வளைத்து
கொட்டாவி விட்டது.